டிக்... டிக்... என்றது ஏன்?

எதிர் வீட்டு மாமி ஒரு நாள் மாலை கைக்குட்டையில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். நகையோ என்று நினைத்தேன். பிரித்தால், உள்ளங்கை அகலத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்!

"பெண் கல்யாணப் போட்டோ எல்லாம் இதிலேதாம்ப்பா இருக்கு. லாப்டாப்பிலே சொருகினா 'டிக், டிக்'குங்கறது, படம் வரமாட்டேங்கறது. கடைக்காரன் உயிர் போயிடுத்துன்னுட்டான். மாமா கன்னிகாதானம் பண்ணின படம் வேறே எங்கேயும் இல்லை" என்றாள். மாமா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது.

உயிர் போகவில்லை, சகோதரிகளே! வெறும் பசி மயக்கந்தான்.

இந்தச் சின்னப் பெட்டிக்குத் தனியாக மின்சார இணைப்பு கிடையாது. லாப்டாப்பின் யூ.எஸ்.பி. துவாரம் கொடுப்பதுதான் அதற்கு ஆகாரம். 2000-ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. 2.0 முறைப்படி ஒரு துவாரம் தர வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். 2008-இல் வந்த 3.0 முறையில் இது 900 ஆக உயர்ந்தது.

பெட்டிக்குள்ளே இருப்பது சுழலும் தட்டு. ஈர மாவு நிறைந்த ஆட்டுக்கல்லைச் சுற்றியவர்களுக்குத் தெரியும்: முதல் சுற்றுக்குத்தான் தோள் வலிக்கும், ஓட ஆரம்பித்துவிட்டால் சுலபம். இதுவும் அப்படியே. தட்டு கிளம்பும் ஓரிரு விநாடிகளில் சில டிஸ்க்குகள் ஓர் ஆம்பியர் வரை கேட்கும். கிடைக்காவிட்டால் முயன்று பார்த்து நின்றுவிடும், மறுபடி முயலும். அந்தத் தவிப்புத்தான் 'டிக், டிக்'!

மாமி வீட்டில் நடந்தது என்ன? பேரன் ஒரு சின்ன 'ஹப்' வாங்கி, ஒரே துவாரத்தில் மவுஸ், பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் மூன்றையும் கோத்திருந்தான். ஒருவருக்கு வடித்த சோற்றை மூவருக்குப் பரிமாறினால் யாருக்கு வயிறு நிறையும்?

ஹப்பைக் கழற்றி எறிந்தேன். ஒரு குட்டைக் கேபிளால் நேரே லாப்டாப்பில் சொருகினேன். 'விர்'ரென்று மெல்லிய சப்தம். திரையில் மாமா, பெண்ணின் கையைப் பிடித்தபடி நின்றார். மாமி ஒன்றும் பேசவில்லை. கைக்குட்டைக்கு வேறு வேலை வந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால் பதறாதீர்கள். டிஸ்க்கை நேரே லாப்டாப்பில் சொருகுங்கள். உட்புறம் நீலமாகவோ, 'எஸ்.எஸ்.' என்ற எழுத்துடனோ இருக்கும் துவாரம் பெரும்பாலும் 3.0, அதற்கு முதலிடம் கொடுங்கள். நீண்டு மெலிந்த கேபிள் வழியிலேயே வோல்ட்டைத் தின்றுவிடும், அது வேண்டாம். பழைய லாப்டாப் என்றால், சுவரிலிருந்து தனி மின்சாரம் பெறும் ஹப் உதவும். மேஜை மேல் வைக்கும் பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை. அதன் சொந்த அடாப்டர் இல்லாமல் லாப்டாப்பை நம்பிப் பயனில்லை.

ஓர் எச்சரிக்கை. இத்தனை செய்த பிறகும் 'டிக், டிக்' ஓயவில்லையென்றால், அது நிஜமான நோயாக இருக்கலாம். மேலும் மேலும் சொருகிப் பார்க்காமல் விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். படங்களை நகல் எடுக்கையில் லாப்டாப்பின் சார்ஜரைச் சொருகி வையுங்கள். பாதியில் வெடுக்கென்று கேபிளைப் பிடுங்காதீர்கள்.

டிஸ்க் பிழைத்த அன்றே இன்னொன்று வாங்கி நகல் எடுத்து, ஒன்றைப் பெண் வீட்டில் வைக்கச் சொன்னேன். "எதுக்குப்பா இரண்டு?" என்றாள் மாமி.

"பீரோ சாவி எத்தனை வைத்திருக்கிறீர்கள், மாமி?"

மறு நாளே இரண்டாவது டிஸ்க் வந்துவிட்டது!