பன்றிக்கறி தொடாத வீட்டுப் பிள்ளைக்கு மூளையில் நாடாப்புழு எப்படி வந்துச்சு?

"பன்றி சாப்பிடுறவனுக்குத்தான் மூளையில புழு வரும், நாங்க சைவம்"னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுத்துது. ஓசூர் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவனா சொல்றேன், இது பாதி உண்மை கூட இல்ல. (இழை)

ஒன்பது வயசுப் பையன், வலிப்புன்னு தூக்கிட்டு வந்தாங்க. சிடி ஸ்கேன்ல மூளையில சின்ன வளையம், சுத்தி வீக்கம். நாடாப்புழுவோட இளம்பருவக் கட்டி. சொன்னதும் அம்மாவுக்குக் கோபம். "என்ன சார், எங்க வீட்ல முட்டை கூட ஏத்த மாட்டோம்!" அவங்க சொன்னதும் உண்மை, ஸ்கேனும் உண்மை.

பன்றிக்கறியைச் சரியா வேகவைக்காம சாப்பிட்டா புழு வளர்றது குடல்ல. மூளைக்குப் போறது அந்தப் புழு இல்ல, அது இருக்கிறவரோட மலத்துல வர்ற முட்டை. புழுவோட ஒரு துண்டுலயே 50,000 முட்டை வரை இருக்கலாம். கழுவாத கை, குடிதண்ணி, பச்சைக் கொத்தமல்லின்னு ஏதோ ஒண்ணுல ஒட்டி வாய்க்கு வந்தா, குடல்ல பொரிஞ்சு ரத்தம் வழியா மூளை, கண், தசைன்னு போய் உக்காந்துக்கும். பன்றிக்கும் இப்படித்தான் வருது, மனுஷ மலத்தைத் தின்னு. அதாவது, முதல்ல நாம பன்றிக்குக் குடுக்குறோம்.

(முட்டைக்கோஸ் பாவம். அதுல நெளியுற பச்சைப்புழு வேற ஜாதி, அது மூளைக்கெல்லாம் ஏறாது.)

1992-ல நியூயார்க்ல பன்றியையே தொடாத யூதக் குடும்பங்கள்ல இதே நோய் பதிவாச்சு. வீட்டுல சமைச்சவங்க குடல்ல புழு இருந்திருக்கு. உடனே "வேலைக்காரங்களை நிறுத்து"ன்னு கிளம்பாதீங்க. அவங்களுக்குத் தேவை ஒரு மலப் பரிசோதனையும் மாத்திரையும். இங்க பக்கத்துல, வேலூர் சிஎம்சி டாக்டர்கள் 2006-ல வெளியிட்ட ஆய்வுல, வலிப்பு நோயாளிகள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இதுதான் காரணம்.

அடுத்த பல்லவி, "எல்லாம் வடக்கன்ஸ் வந்த அப்புறம்தான்". சிப்காட் சுத்தி லைன் வீடு கட்டி விட்டிருக்கிற ஓனர் சார், பதினஞ்சு ரூமுக்கு ரெண்டு கக்கூஸ். வாடகை மட்டும் ரூமுக்கு ரூம் கரெக்டா வாங்குறீங்க. உங்க செப்டிக் டேங்க்கை உறிஞ்சுற லாரி ராத்திரி எந்த ஓடையில கொட்டுதுன்னு ஒருநாளாவது கேட்டிருக்கீங்களா? அந்த ஓடைத் தண்ணியிலதான் கீரை விளையுது. அதைத்தான் நீங்களும் வாங்குறீங்க.

டாக்டருங்க நாங்களும் யோக்கியம் இல்ல. வலிப்பு மாத்திரை எழுதுறோம், பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு ரெஃபர் பண்றோம், முடிஞ்சுது. அந்தப் பையனைச் சுத்தி யார் குடல்ல புழு இருக்குன்னு தேடுறதே இல்ல. குடற்புழு நீக்க நாள்ல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு அல்பெண்டசோல் குடுக்குறோம், சரி. ஷிப்ட் முடிச்சு வந்து தூங்குற இருபத்தஞ்சு வயசு கான்ட்ராக்ட் பையனுக்கு யார் குடுக்கிறது?

பன்றிக்கே தடுப்பூசி இருக்கு. ஹைதராபாத்ல இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் தயாரிக்குது. பன்றி வளர்க்கிறவரைத் திட்டுற நேரத்துல, அதை அவருக்கு இலவசமா குடுங்கன்னு கால்நடைத் துறைகிட்ட கேக்கலாம்.

கறி சாப்பிடுறவங்க நல்லா வேகவெச்சுச் சாப்பிடுங்க, வேறொண்ணும் இல்ல. மலத்துல வெள்ளையா, தட்டையா, நாடாத் துண்டு மாதிரி ஏதாவது பார்த்தா கூச்சப்படாம அரசு ஆஸ்பத்திரியில சொல்லுங்க. நீங்களா மெடிக்கல் ஷாப்ல புழு மாத்திரை வாங்கிப் போடாதீங்க. மூளையில ஏற்கெனவே கட்டி இருந்தா அந்த மாத்திரையே வலிப்பைக் கிளப்பிடலாம்.