தலைகீழாய் இறங்கும் முள்



இம்மாதம் உங்களை ஒரு தூரதேசத்துக் கைவேலைக்கு அழைத்துச் செல்கிறோம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துக்குக் கிழக்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தில் பஹாமாஸ் என்னும் தீவு நாடு இருக்கிறது. அதன் தீவுகளில் மிகப் பெரியது ஆண்ட்ரோஸ். அதைச் சுற்றிலும் கணுக்கால் முதல் முழங்கால் வரை மாத்திரமே ஆழமுள்ள மணற்பரப்புகள் வெகுதூரம் விரிந்து கிடக்கின்றன. நீர் ஏறும் வேளையில் அங்கே இரை தேடி வரும் மீனுக்குப் போன்ஃபிஷ் என்று பெயர். அந்நாட்டின் 10 சென்ட் நாணயத்தில் இந்த மீனின் உருவமே பொறிக்கப்பட்டிருக்கிறது.

அதன் செதில்கள் கண்ணாடியைப் போல மணலின் நிறத்தையே திருப்பிக் காட்டுகின்றன. ஆகையால் மீன் தெரியாது, மணலில் நகரும் அதன் நிழல்தான் தெரியும். அதன் வாய் மூக்குக்குக் கீழே அமைந்திருக்கிறது. தலையைக் கவிழ்த்து மணலைக் கிளறி, இறாலையும் சிறு நண்டையும் எடுத்து, தொண்டையிலுள்ள பற்தகடுகளால் நொறுக்கித் தின்கிறது. இந்த மீனைப் பிடிப்பவர்கள் தூண்டிலில் உயிருள்ள இரையைக் கோப்பதில்லை. நூல், மயிர், மணி ஆகியவற்றைத் தூண்டில் முள்ளின்மேல் கட்டி, இறாலைப்போல் ஒரு பொய்யிரையைச் செய்கிறார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ஃப்ளை, அதாவது ஈ, என்று பெயர்.

இவற்றுள் புகழ்பெற்றது கிரேசி சார்லி. 1977ஆம் ஆண்டில் ஆண்ட்ரோஸ் தீவில் அது உருவானது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பாப் நாஹைம், அத்தீவின் படகு வழிகாட்டி சார்லி ஸ்மித் ஆகிய இருவரின் பெயர்களும் அதனோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. அதற்கு முதலில் இடப்பட்ட பெயர் நேஸ்டி சார்லி.

அதைக் கட்டும் விதத்தைக் கவனியுங்கள். வேண்டிய பொருட்கள் மிகக் குறைவு. துருப்பிடிக்காத முள் ஒன்று, 4, 6 அல்லது 8ஆம் எண் அளவில் இருக்கவேண்டும். எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். முள்ளைச் சிறிய வைஸில் இறுக்கி, அதன் தண்டின்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றவேண்டும். பிறகு, கைகழுவும் தொட்டியின் அடைப்பானைப் பிணைத்திருக்குமே, அப்படிப்பட்ட மணிச் சங்கிலியிலிருந்து இரண்டு மணிகளை வெட்டியெடுத்து, முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னே, தண்டின் முதுகின்மேல் வைத்து, எட்டு என்ற எண்ணின் வடிவில் நூலைக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றிக் கட்டவேண்டும். இவையே கண்கள்.

அடுத்து வெள்ளி ஜரிகையைத் தண்டின்மேல் சுற்றி, அதன்மேல் ஒளி ஊடுருவும் நரம்பை வரிவரியாகச் சுற்றினால் இறாலின் உடல் ஆயிற்று. கடைசியாக முள்ளைத் தலைகீழாகத் திருப்பி, கன்றுக்குட்டியின் வால்மயிரில் ஒரு சிறு கற்றையை முள்முனையை மறைக்கும்படி கட்டி, முடிச்சிட்டு, முடிச்சின்மேல் ஒரு துளி பசை தடவவேண்டும்.

அந்த மணிக் கண்கள் எதற்காக என்று நினைக்கிறீர்கள்? அழகுக்காக மாத்திரம் அல்ல. தண்டின் முதுகில் பாரம் ஏறியவுடனே, நீரில் விழும் முள் புரண்டுவிடுகிறது. பாரமுள்ள கண்கள் கீழே போக, கூர்முனை மேலே நிற்கிறது. மயிர்க்கற்றை அந்த முனையைச் சூழ்ந்து மூடுகிறது. இப்படிப் புரளாவிட்டால் முள் மணலிலும் கடற்புல்லிலும் சிக்கி நிற்கும். தரையைக் கிளறித் தின்னும் மீனுக்குத் தரையிலே நகரும் இரை வேண்டும். ஆனால் தரையிலே சிக்கும் இரை ஒன்றுக்கும் உதவாது. இந்த முரணைத் தீர்ப்பவை அந்த இரண்டு மணிகள்தாம்.

பாரத்திலும் அளவு உண்டு. முழங்கால் ஆழத்துக்கு மேற்பட்ட நீரில் கனமான உலோகக் கண்கள் தகும். கணுக்கால் ஆழத்திலோ அவை தொப்பென்று விழுந்து மீன் கூட்டத்தையே கலைத்துவிடும். ஆகையால் ஒரே இரையை மூன்று விதமாகக் கட்டுகிறார்கள்: கனமான கண்களோடு, மணிக் கண்களோடு, கண்களே இல்லாமல். நிறமும் அப்படியே. வெண்மணலுக்கு வெளிர் நிறம், கடற்புல்லுக்குப் பாசி நிறம்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் மயிரை அதிகமாக வைத்துவிடுவது வழக்கம். பார்க்க நிறைவாக இருக்கும், ஆனால் அது நீரில் மெதுவாக இறங்கும், சரியாகப் புரளவும் செய்யாது. சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி இரையைப் போட்டுப் பாருங்கள். முனை மேல்நோக்கி அடியில் அமர்ந்தால் வேலை சரி. சாய்ந்து படுத்தால் அவிழ்த்து மறுபடியும் கட்டவேண்டும்.

அருமையானவர்களே, இவ்வளவு பிரயாசமும் மீனைக் கொல்வதற்கு அல்ல என்றால் ஆச்சரியப்படுவீர்கள். உடலெங்கும் நுண்ணிய முட்கள் உள்ள இந்த மீனைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் உடனே நீரில் விட்டுவிடுகிறார்கள். ஃப்ளோரிடாவில் 2013 முதல் அப்படி விடவேண்டும் என்பதே சட்டம். பஹாமாஸில் இம்மீனை விற்பதும் வலைவீசிப் பிடிப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன. இந்த மீனைத் தேடி வரும் வெளிநாட்டாரைப் படகில் அழைத்துச் செல்வதே ஆண்ட்ரோஸில் அநேகக் குடும்பங்களின் பிழைப்பு. மீன் பிழைத்தால்தான் வழிகாட்டியும் பிழைப்பான்.

ஆனால் விடப்பட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. எலூத்தரா என்னும் பஹாமாஸ் தீவில் நடந்து, 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. விடப்பட்டபோது நிலைதடுமாறிய மீன்கள், நிமிர்ந்து நீந்திய மீன்களைவிட ஆறு மடங்குக்கு மேலாக வேட்டைக்கு இரையாகும் அபாயத்தில் இருந்தன. அந்த ஆழமற்ற நீரில் சுறாவும் சீலா மீனும் காத்திருக்கின்றன. மீனை நெடுநேரம் இழுத்துக் களைப்பாக்குவதும், காற்றிலே அதிக நேரம் பிடித்திருப்பதும் அந்தத் தடுமாற்றத்தை வருவிக்கின்றன.

எனவே கட்டுகிறவரின் கடைசி வேலை ஒன்று உண்டு. முனைக்குக் கீழேயுள்ள சிறு எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்குவதே அது. அப்பொழுது முள் ஒரே திருப்பில் கழன்றுவிடும், மீனை நீரைவிட்டுத் தூக்கவேண்டியதில்லை. நனைந்த கையால் அதை நீருக்குள்ளேயே தாங்கி, அது நிமிர்ந்து தானாக நீந்தத் தொடங்கும்வரை காத்திருந்து விடலாம். கட்டியவர் அந்தக் கடலைக் காணாதவராகவே இருக்கலாம். என்றாலும் அவர் மேசையில் குறட்டை அழுத்திய அந்த ஒரு நொடி, அங்கே ஒரு மீனுக்குச் சில நிமிடங்களை மிச்சப்படுத்துகிறது. சுறா உலாவும் நீரில் அந்தச் சில நிமிடங்கள் போதும்.