ஏழை வீட்டு வாசலில்தான் புகைபோக்கியா?



கடை நடத்தும் உங்களுக்கு ஜெனரேட்டரைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மின்சாரம் போனால் அதுதான் கைகொடுக்கும். ஆனால் அதன் புகை உங்கள் கல்லாப்பெட்டிக்கா வருகிறது? பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தானே போகிறது! உலகின் பணக்கார நகரமான நியூயார்க்கிலும் இதே கதைதான். அளவுதான் பெரிது.

கோடையில் நகரம் முழுவதும் குளிர்சாதனங்கள் ஓடும் சில மணி நேரத்துக்காகவே அங்கே உச்சநேர மின்நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். வருடத்தின் பெரும்பகுதி அவை சும்மா கிடக்கும். தயாராக நிற்பதற்கே பணம் உண்டு. அதை மக்களின் மின்கட்டணத்தில் வசூலிக்கிறார்கள். சரக்கே விற்காமல் லாபம் பார்க்கும் கடையை நீங்கள் எங்காவது கண்டதுண்டா?

இவை எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். கறுப்பர்களும் ஸ்பானிஷ் மொழி பேசும் ஏழைகளும் நெருக்கமாக வாழும் தெற்கு பிராங்ஸில்! அப்பகுதிக்கு ‘ஆஸ்துமா சந்து’ என்றே பெயர் விழுந்துவிட்டது. லாரிப் புகைக்கும் அதில் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த நிலையங்கள் கக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடு, கடும் வெயிலில்தான் நுரையீரலை அரிக்கும் ஓசோனாக மாறுகிறது. அவை ஓடுவதும் அதே கடும் வெயில் நாளில்தான்.

2001ல் கோடைத் தட்டுப்பாடு வரும் என்று சொல்லி, மாநில அரசின் மின் ஆணையமே அவசர அவசரமாகச் சில எரிவாயு நிலையங்களை நட்டது. தற்காலிகம் என்றார்கள். இருபது ஆண்டுகள் கடந்தும் அவை அங்கேயே நின்றன. (தற்காலிகம் என்ற சொல்லுக்கு எல்லா நாட்டு ஆட்சியாளர்களிடமும் ஒரே அகராதிதான் போலும்!)

மக்கள் சும்மா இருக்கவில்லை. குடியிருப்போர் அமைப்புகள் விடாமல் போராடின. 2019ல் பழைய நிலையங்களின் புகைக்கு மாநில அரசு கடும் வரம்பு விதித்தது. 2021ல் அஸ்டோரியாவில் புதிய எரிவாயு நிலையத்துக்கு அனுமதி மறுத்தது. மாற்று என்ன? மலிவான நேரத்தில் மின்சாரத்தைச் சேமித்து உச்சநேரத்தில் தரும் பேட்டரிகள். கனடாவின் நீர்மின்சாரம் 1,250 மெகாவாட்டைக் கொண்டுவர 339 மைல் கேபிள்.

மூடு என்று கோஷம் போட்டால் மட்டும் போதுமா? போதாது. 2021ல் இந்தியன் பாயின்ட் அணுமின் நிலையம் மூடப்பட்டது. போதிய மாற்று தயாராகவில்லை. அந்த இடத்தைப் பெரும்பாலும் எரிவாயுதான் பிடித்துக்கொண்டது. பேட்டரியும் ஆபத்தே இல்லாதது அல்ல. கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் 2025 ஜனவரியில் பேட்டரி நிலையம் தீப்பிடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். எங்கே வைப்பது, எப்படிப் பாதுகாப்பது என்று முன்கூட்டியே கேட்காவிட்டால் ஏழையின் வாசலுக்கு அடுத்து அதுதான் வரும்.

புரூக்ளின் கரையில் தெப்பங்களின் மேல் 1970களிலிருந்து மிதக்கும் கோவானஸ், நாரோஸ் நிலையங்களைக் கவனியுங்கள். 2025க்குள் ஒதுங்கியிருக்க வேண்டியவை. மின்பற்றாக்குறை வரும் என்று 2023ல் மின்தொகுப்பு நிர்வாகம் எச்சரித்து, 2027 வரைகூட ஓடலாம் என்று தவணை கொடுத்துவிட்டது. மின் ஆணையத்தின் அந்தத் ‘தற்காலிக’ நிலையங்களை 2030 டிசம்பருக்குள் நிறுத்த வேண்டும் என்று 2023ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்திலும் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்: மின்விநியோகத்துக்கு அவசியம் என்றால் தொடரலாம்!