தோட்பையும் மடிக்கணினியும்

கல்விக்குரிய கருவிகள் காலந்தோறும் மாறி வருவன. ஓலையும் எழுத்தாணியும் போய்ப் பலகையும் பலப்பமும் வந்தன. அவை போய்த் தாளும் எழுதுகோலும் வந்தன. இன்றோ அவை யனைத்தின் தொழிலையும் மடிக்கணினி ஒன்றே ஏற்று நிற்கின்றது. மாணவன் ஒருவன் மூன்றாண்டு கற்றவையும், எழுதியவையும், எழுதத் தொடங்கி முடியாதவையும் அதனுள் அடங்கியுள்ளன. அத்தகைய பொருளை நம்மவர் எவ்வாறு கொண்டு செல்கின்றனர் என்று நோக்குவார்க்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றும். சோற்றுப் பாத்திரத்தோடும் தண்ணீர்க் குப்பியோடும் அதனை ஒரே பையுள் திணித்து, பேருந்துக் கூட்டத்தில் நெருக்குண்டு வந்து, வகுப்பறையை அடைந்தவுடன் பையைத் தோளினின்றும் தொப்பென்று தரையில் இடுகின்றனர். பின்னர் ஒருநாள் திரை கீறுண்டு கிடக்கக் கண்டு, இஃது எவ்வாறு நேர்ந்ததோ என வினவுகின்றனர். அது விதியின் செயலன்று. பெரும்பாலும் பையினுள்ளே நாடோறும் நிகழ்ந்த செயலின் பயனேயாம்.

விலை மிகுந்த பை ஒன்றை வாங்குதலே இதற்கு மருந்தென்பர் பலர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. மடிக்கணினியைக் காப்பது பையின் விலையன்று. பையை அடுக்கும் ஒழுங்கும், அதனை இறக்கி வைக்கும் பொறுமையுமே அதனைக் காப்பன. இதனை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்துணைச் சிறிய பொருளுக்கு ஒரு கட்டுரையோ என நகைப்பாரும் உளர். அவர்கள் ஒன்றைச் சிந்திப்பாராக. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு செப்டெம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அரசினர் பள்ளி கல்லூரிகளிலும் அரசினர் உதவி பெறுவனவற்றிலும் பயின்ற பல்லாயிரம் ஏழை மாணவர் வீட்டில் முதன்முறையாக ஒரு கணினி நுழைந்தது. கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ இரண்டாண்டில் வழங்கப்படுமென 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும் அறிவிக்கப்பட்டது. இவ்வாறு பெறாதார் கடன்பட்டும் நகை அடகு வைத்தும் வாங்குகின்றனர். அண்ணன் பயின்ற கருவியிலேயே தங்கையும் பயிலும் வீடுகள் எத்தனை! அங்கு ஒரு திரை உடையின், இருவர் படிப்பு ஒருங்கே தடைப்படும். உற்பத்தியாளர் தரும் உத்தரவாதமோ, கருவியில் இயல்பாக அமைந்த குறைகளுக்கே பெரும்பாலும் பொருந்துவது. விழுந்து உடைந்ததற்கும் நீர்பட்டுக் கெட்டதற்கும் அது துணை வாராது. ஆதலின் இது சிறுபொருள் அன்று.

இனி, இக்கருவியின் இயல்பை நோக்குவோம். 1981-இல் வெளிவந்த ஆஸ்பார்ன் என்னும் எடுத்துச்செல்லும் கணினி ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையுள்ளது. அதன் விசைப்பலகையே மூடியாய் அமைந்து திரையை மறைத்தது. கைப்பிடி பிடித்து அதனைத் தையற்பொறிப் பெட்டிபோல் தூக்கிச் சென்றனர். 2008-இலோ ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஒரு காகித உறையினின்றும் மேக்புக் ஏர் என்னும் மடிக்கணினியை வெளியே எடுத்துக் காட்டினர். அதன் எடை 1.36 கிலோகிராமே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 27 ஆண்டுகளில் கருவி மெலிந்தது. மெலியவே, முன்பு அது தானே சுமந்த காப்பு சுமப்பவன் பொறுப்பாயிற்று. இவ்வுண்மையை நம்மிற் பலர் உணர்ந்திலர்.

பையினுள் கணினிக்குள்ள முதற்பகை அழுத்தமே. திரையென்பது மெல்லிய கண்ணாடித் தகடு. பரந்த அழுத்தத்தை ஓரளவு பொறுக்கும். ஒரு புள்ளியில் வந்து தாக்கும் அழுத்தத்தைப் பொறாது. சார்ஜரின் கட்டை, சோற்றுப் பாத்திரத்தின் விளிம்பு, குப்பியின் மூடி, சாவிக்கொத்து ஆகிய இவை மூடியின்மேல் சாய்ந்து கிடக்க, வெளியே ஒருவர் முழங்கை பையை நெருக்குமாயின், அந்நெருக்கம் முழுதும் அவ்வொரு புள்ளியிலேயே சென்று தங்கும். விசைப்பலகையின்மேல் எழுதுகோலோ காதுக்கருவியோ கிடக்க மறந்து மூடுதலும் இத்தகையதே. ஒளிப்படக்கண்ணை மறைக்க ஒட்டும் சிறு மூடியுங்கூடத் திரையைக் கெடுக்குமென்று ஆப்பிள் நிறுவனம் 2020-இல் எச்சரித்தது; ஒரு தாளின் தடிப்பாகிய 0.1 மில்லிமீட்டரினும் அது மிகலாகாது என்றது. இடைவெளி எத்துணை நுண்ணியது என்பது இதனாற் புலனாகும்.

இதற்குப் பரிகாரம் எளிது. கணினி பையில் முதுகை ஒட்டிய அறையில், மூடிப்புறம் முதுகை நோக்கியிருக்க நிற்றல் வேண்டும். அதற்கடுத்துப் புத்தகங்கள் மதில்போல் நிற்க. சார்ஜரும் பாத்திரமும் புத்தகங்களுக்கு அப்பால், கணினியைத் தொடாதவாறு அமைக. தண்ணீர்க்குப்பி பையின் வெளிப்பக்கத்திலுள்ள வலையறையில் இருத்தலே முறை. இவ்வாறு அடுக்குதற்கு இரண்டு நிமிடத்திற்குமேல் ஆகாது.

இரண்டாம் பகை வீழ்ச்சி. இயற்பியல் பயில்வார்க்கு இஃதோர் எளிய கணக்கு. 75 சென்டிமீட்டர் உயரமுள்ள மேசையினின்று விழும் பொருள், விநாடிக்கு ஏறக்குறைய 3.8 மீட்டர் வேகத்தோடு தரையை அடையும். அவ்வேகம் 1 மில்லிமீட்டர் தூரத்தில் அடங்கினால், அப்பொருள் தன் எடையைப்போல் சராசரி 750 மடங்கு விசையைத் தாங்கவேண்டும். 1 சென்டிமீட்டர் அமிழ்ந்து அடங்கினாலோ 75 மடங்கே தாங்கவேண்டும். மெத்தையின் பயன் இதுவே. அது விசையை விழுங்குவதன்று, நிற்பதற்கு இடங்கொடுப்பது. நிற்க. நம் பைகளிற் பல, முதுகுப்புறத்தில் தடித்த மெத்தை உடையனவாய், அடியில் ஒரே துணி உடையனவாய் உள்ளன. தரையில் மோதுவதோ அடியே! பை வாங்குவோர் கணினி அறைக்குள் கைவிட்டுப் பார்த்து, அவ்வறை பையின் அடிவரை செல்லாது இரண்டு விரற்கடை மேலே முடிகின்றதா எனக் காண்க. அவ்வாறில்லாத பழைய பையை எறிந்துவிடவும் வேண்டா. தேங்காய்ப்பூத் துவாலை ஒன்றை நான்காய் மடித்து அவ்வறையின் அடியில் இடுக. சில நூறு ரூபாய் கொடுத்து நியோபிரீன் உறை வாங்க இயலாதார்க்கு இதுவே நல்ல துணை. அதனினும் சிறந்தது, பையைக் கைப்பிடியாற் பற்றி மெல்ல இறக்கி வைக்கும் வழக்கமே.

மூன்றாம் பகை நீர். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எச்சரித்துக்கொண்டு வருவதில்லை. பையின் துணி நீரை மறுக்கினும், ஜிப்பின் பற்களும் தையற்றுளைகளும் அதற்கு வழிவிடும். ஆதலின் தடித்த நெகிழி உறையொன்றை எப்பொழுதும் பையில் மடித்து வைத்தல் நன்று. குழம்பும் மோரும் மழையினும் கொடியன. அவற்றிலுள்ள உப்பும் புளிப்பும் உள்ளிருக்கும் செப்புக் கம்பிகளை அரிக்கும். நீர் புகுந்துவிடின், கருவியை உடனே அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்க. வேலை செய்கின்றதா என்று மீண்டும் மீண்டும் இயக்கிப் பாராதொழிக. அரிசியுட் புதைத்தலும் பயனற்றது. தவிடும் தூளும் துளைகளிற் சென்று சேர்வதே அதன் பயன்.

நான்காம் பகை வெப்பம். மூடியைச் சாய்த்தவுடன் கணினி அணைந்ததென்று எண்ணற்க. அது உறங்குவதேயாம், சில கருவிகள் பையினுள்ளேயே விழித்தெழுந்து, காற்றோட்டமின்றிக் கொதிக்கும். 35 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெப்பத்தில் இயக்குமாறே பல கருவிகளின் கையேடுகள் கூறும். நம் சித்திரை வெயிலோ அதனை எளிதிற் கடக்கும். எனவே பயணத்திற்கு முன் முற்றும் அணைத்தலே தக்கது. சுழலும் தட்டுடைய பழைய வன்தட்டுக் கருவிகளுக்கு இஃது இருமடங்கு இன்றியமையாதது. நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டின்மேல், நானோமீட்டர் சிலவே இடைவெளியில் வாசிக்கும் முனை உலவுகின்றது. ஓடும்பொழுது குலுங்கின் முனை தட்டைக் கீறும். அவ்வச்சம் பற்றியே 2003-இல் ஐ.பி.எம். நிறுவனம், வீழ்ச்சியை உணர்ந்து முனையை ஒதுக்கும் ஏற்பாட்டைத் தன் கணினிகளில் அமைத்தது. இக்காலத்துத் திண்மநிலைச் சேமிப்பகங்களில் அசையும் உறுப்பில்லை. ஆயினும் வெப்பம் அவற்றிற்கும் பகையே. மின்கலம் வீங்கித் தோன்றின், அக்கருவியைப் பையில் வைத்தலே ஆகாது.

நம் பேருந்துகளில், நிற்பவர் தம் பையை உட்கார்ந்திருப்பவர் மடியிற் கொடுப்பது நெடுநாளைய நல்வழக்கு. ஆனால் ஒருவர் மடியில் நான்கு பைகள் குவிய, அடியிலுள்ளது நசுங்கும். "அண்ணா, உள்ளே கணினி இருக்கிறது, மேலாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சொற் சொல்ல நாணுவானேன்? ஓட்டுநர்க்கு அருகிலுள்ள எஞ்சின் மூடியின்மேல் பையை வைத்தலோ, அடுப்பின்மேல் வைத்தலோ டொக்கும்.

மாணவர்க்கு இவ்வளவு கூறினோம்; கல்லூரிகளுக்கும் ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். நூல்நிலைய வாயிலிலும் தேர்வுக்கூட வாயிலிலும் பைகளை வெளியே விடுக என்னும் விதி பல கல்லூரிகளில் உண்டு. விதி தக்கதே. ஆனால் விடப்பட்ட பைகள் தாழ்வாரத்தில் ஒன்றன்மேலொன்றாய்க் குவிந்தும், சாரலில் நனைந்தும், போவார் வருவார் காலில் இடறியும் கிடத்தல் தக்கதன்று. கருவி கொண்டு பயில்க என்று பணிக்கும் நிலையம், அதனை வைக்க ஓரிடமும் தருதல் அறமன்றோ? தச்சரைக் கொண்டு பைகள் நிமிர்ந்து நிற்குமாறு மரத்தட்டுகள் சில அமைத்தல் பெருஞ்செலவன்று. பழைய மாணவர் சங்கத்தார் தாம் பயின்ற கல்லூரிக்கு யாது செய்வோமென வினவும்பொழுது, இதனையும் எண்ணிப்பார்ப்பாராக.

இறுதியாக ஒன்று. எத்துணைக் காப்பினும் கருவி ஒருநாள் கெடும். நம் முன்னோர் ஓலைச்சுவடிக்கு மேலும் கீழும் மரச்சட்டம் இட்டு, கயிற்றாற் கட்டி, துணியிற் பொதிந்து வைத்தனர். ஆயினும் சட்டமும் துணியும் மட்டுமே நம் நூல்களைக் காத்தன அல்ல. ஓலை செல்லரிக்குமுன் வேறோர் ஓலையிற் பெயர்த்தெழுதிய உழைப்பே அவற்றைக் காத்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது, பல சுவடிகளை ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தனர். ஒரே படி இருந்து அது சிதைந்திருக்குமாயின், ஒப்புநோக்குதற்கு யாது இருந்திருக்கும்? ஆதலின், பைக்குள் கணினியை வைக்குமுன், அன்று எழுதியதை வேறொரு சேமிப்பிலும், இயலுமாயின் வேறோரிடத்திலும் படியெடுத்து வைக்க. உடைந்த திரையைப் பொருள் கொடுத்து மாற்றலாம்; படியில்லாது அழிந்த ஆய்வுரையை எக்கடையிலும் வாங்கவொண்ணாது. அடுக்கி வைத்தலும், மெல்ல இறக்குதலும், படியெடுத்தலும் ஆகிய இம்மூன்றும் செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒருங்கே இயல்வன. அவற்றை இன்று மாலை விடுதிக்குத் திரும்பும்பொழுதே தொடங்குவோமாக.