புகை எங்கிருந்து வந்தது? செய்மதிப் படம் சொல்வதும் சொல்லாததும்

2022 டிசம்பர் 8ஆம் திகதி யாழ்ப்பாணம், கொழும்பு உட்பட நாட்டின் பல பகுதிகளைப் புகைமூட்டம் சூழ்ந்தது. காற்றின் தரம் உடல்நலத்துக்குக் கேடான நிலைக்குச் சென்றது. மறுநாள் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. இந்தியப் பக்கமிருந்து மாசடைந்த காற்று எல்லை கடந்து வந்ததே காரணம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கமளித்தது. அப்போது வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நிலைகொண்டிருந்தது.

இத்தகைய விளக்கங்களைப் பொதுமக்கள் சரிபார்க்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். நாசாவின் 'வேர்ல்ட்வியூ' இணையத்தளத்தில் அன்றாடச் செய்மதிப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் புகை சாம்பல் நிறமாகவும் பாலைவனத் தூசு மங்கிய மண்ணிறமாகவும் தெரியும். எரியும் இடங்களை வெப்பத்தை உணரும் கருவிகள் புள்ளிகளாகக் காட்டும். 2017இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-5பி செய்மதி, புறஊதாக் கதிரை உறிஞ்சும் புகையையும் தூசையும் கண்டறிய உதவுகிறது. இவற்றோடு காற்றின் திசையையும் சேர்த்துப் பார்த்தால் புகை வந்த வழியை ஊகிக்கலாம்.

ஆனால் படத்தை மட்டும் நம்ப முடியாது. புயல் காலத்தில் முகில்கள் கீழே உள்ளதை மறைத்துவிடும். தீயைக் காட்டும் முக்கிய செய்மதிகள் சில, ஓர் இடத்தைப் பகலில் பிற்பகல் 1.30 மணியளவில்தான் கடக்கின்றன. இந்தியாவின் பஞ்சாபில் வைக்கோல் எரிப்பு குறைந்துவிட்டதாகத் தீப்புள்ளிகளின் எண்ணிக்கை காட்டியபோது, செய்மதி கடந்த பின்னரே பல வயல்கள் எரிக்கப்படுவதை ஆய்வாளர்கள் 2024இல் சுட்டிக்காட்டினர். எண்ணிக்கை குறைந்தது என்பதால் தீ குறைந்தது என்றாகாது.

இன்னொரு குறையும் உண்டு. மேலிருந்து கீழ்வரை காற்றில் உள்ள மொத்த மாசையே செய்மதி பெரும்பாலும் அளக்கிறது. நாம் சுவாசிக்கும் உயரத்தில் எவ்வளவு உள்ளது என்பதைத் தரையில் உள்ள கருவியே திருத்தமாகச் சொல்லும். நுண்துகள்களின் 24 மணிநேரச் சராசரி, கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

வானிலிருந்து எடுக்கப்பட்ட படங்களின் பெறுமதி எமக்குப் புதிதல்ல. இறுதிப் போர் பற்றி 2011இல் அறிக்கையிட்ட ஐ.நா. நிபுணர் குழு, செய்மதிப் படங்களையும் சான்றாக எடுத்துக்கொண்டது. அங்கிருந்து தப்பியவர்களின் சாட்சியமும் இருந்ததாலேயே அந்தப் படங்களுக்கு முழுப் பொருள் கிடைத்தது. காற்று விடயத்தில் அந்தத் தரைச் சாட்சி அளவீட்டுக் கருவிகள்தான்.

எனவே வடக்கு, கிழக்கின் ஒவ்வொரு மாவட்டத்திலும் கருவிகள் பொருத்தப்பட்டு, அளவுகள் மணிக்கு மணி தமிழில் வெளியிடப்பட வேண்டும். குப்பை எரிப்பு போன்ற உள்ளூர்ப் புகையையும் 'வெளியிலிருந்து வந்தது' என்று தட்டிக்கழிக்க அப்போது இடமிருக்காது. ஆஸ்துமா நோயாளரும், முதியோரும், போரில் நெஞ்சில் காயப்பட்டு வாழ்பவர்களும் எந்த நாளில் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதை நேரத்தோடு அறிந்துகொள்வார்கள்.