குலுக்கல் என்று சொல்லியிருக்கக் கூடாது

என் பெரியப்பா நாற்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். சுங்கைப் பட்டாணியிலிருந்து ஜொகூர் பாரு வரை எந்தக் கடையில் எந்த நேரத்தில் தேநீர் நன்றாக இருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. மலாயில் சரளமாகப் பேசுவார், ஹொக்கியனில் பேரம் பேசுவார். ஆனால் பால்மரக் காட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டைத் தாண்டவில்லை.

2023ஆம் ஆண்டில் அவருக்குக் கண்கள் மஞ்சளாயின. காமாலை என்று ஒரு மாதம் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி; கல்லீரலுக்கும் பரவியிருந்தது. முதலில் கொடுத்த கீமோ சில மாதங்கள் தாக்குப்பிடித்தது. அதன்பின் ஒரு நாள் மருத்துவர் ஒரு புதிய மருந்து ஆய்வைப் பற்றிச் சொல்லி, இருபது பக்கத்துக்கும் மேற்பட்ட விளக்கத்தாள் ஒன்றைக் கொடுத்தார். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. “உனக்குத்தான் தமிழ் தெரியுமே, நீயே அங்கிளுக்குச் சொல்லிவிடு” என்று மிஸ்ஸி என்னிடம் தள்ளிவிட்டார். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. எங்கும் நடப்பதுதான்.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். யூ.பி.எஸ்.ஆரில் தமிழில் ‘ஏ’. இடைநிலைப்பள்ளியில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய் எஸ்.பி.எம்.மிலும் தமிழ் எடுத்தேன். இப்போது படிப்பது புள்ளியியல். அந்தத் தாளில் இருந்த ‘ராவாக்’ என்ற சொல் என் பாடப்புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருவது. நோயாளிகளை எந்தத் தேர்வுமின்றி, எந்தச் சாய்வுமின்றி இரண்டு குழுக்களாகப் பிரிப்பது. அதற்குத் தமிழில் என்ன சொல்? மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. “குலுக்கல் மாதிரி, பெரியப்பா” என்றேன்.

“என் உசிர வச்சி குலுக்கலா?” என்று கேட்டார். அடுத்த வரியில் ‘கும்புலான் காவாலான்’ என்று வாசித்தேன். மலாயில் உள்ள ‘காவால்’ நம் ‘காவல்’ என்ற சொல்லிலிருந்து போனது. “காவலா? யாருக்கு?” என்றார். “ஏன்யா, என்னைய வச்சி சோதிச்சிப் பாக்கப் போறாங்க, அதானே?” என்று தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். நான்கு மாதங்களில் காலமானார்.

அந்த ஆய்வில் சேர்ந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பொய். அவர் எதை மறுத்தார் என்பது அவருக்குத் தெரியாமல் போயிற்று. அது என் தமிழால் நேர்ந்தது என்பதே என் வருத்தம்.

அதன்பின் இந்த நோயைப் பற்றி வெளிவந்த ஆய்வு முடிவுகளைத் தேடிப் படித்தேன். கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு. வலி தெரியும்போது பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சைக் கட்டம் கடந்திருக்கும். அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தின் 2024 கணக்குப்படி, அந்நாட்டில் இந்நோய் கண்டவர்களில் 13 விழுக்காட்டினரே ஐந்தாண்டுகள் வாழ்கின்றனர். அமெரிக்காவிலேயே இந்த நிலை.

1997இல் வெளியான ஆய்வில் 126 நோயாளிகள் இருந்தனர். பழைய மருந்தான ஃபுளோரோயுராசிலைப் பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 2 விழுக்காடு. ஜெம்சிடாபின் பெற்றவர்களில் 18 விழுக்காடு. அதன்பின் பல ஆண்டுகளுக்கு ஜெம்சிடாபினே முதன்மை மருந்தாயிற்று. 2011இல் பிரான்சில் 342 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில் ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற நான்கு மருந்துக் கலவை, வாழ்நாளின் இடைநிலையளவை 6.8 மாதங்களிலிருந்து 11.1 மாதங்களுக்கு உயர்த்தியது. ஆனால் அதைத் தாங்கும் தெம்புள்ளவர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். 2013இல் ஜெம்சிடாபினோடு நாப்-பேக்லிடாக்செல் சேர்த்துக் கொடுத்தபோது 6.7 மாதம் 8.5 மாதமாயிற்று.

இடைநிலையளவு என்றால் என்ன என்று இங்கே ஒரு வார்த்தை. 11.1 மாதம் என்பது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் தவணை கிடையாது. பாதிப் பேர் அதற்கு முன்பே போய்விடுவர், பாதிப் பேர் அதைத் தாண்டுவர். சிலர் வெகு தூரம் தாண்டுவர். இதையும் யாராவது தமிழில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

என் துறைக்காரர்கள் வெட்கப்பட வேண்டிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2007இல் வெளியான, 569 பேர் பங்கேற்ற ஆய்வில் எர்லோடினிப் என்ற மாத்திரை வாழ்நாளை 5.91 மாதத்திலிருந்து 6.24 மாதமாக்கியது. கிட்டத்தட்ட பத்து நாள். புள்ளியியல் முறைப்படி அது ‘முக்கியமான’ வேறுபாடுதான். அமெரிக்காவில் 2005இலேயே அதற்கு அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றோடு வரும் அந்தப் பத்து நாள் வேண்டுமா வேண்டாமா என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதை நோயாளிதான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முதலில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தோற்ற ஆய்வுகளும் உண்டு. பிரிட்டனில் 1,062 பேரைச் சேர்த்து நடத்திய தடுப்பூசி ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. தடுப்பூசியால் ஆயுள் கூடவில்லை. ஆயிரம் பேர் வீணாகச் சேர்ந்தார்களா? அப்படி நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சேராதிருந்தால் அந்த ஊசியை நல்லதென்று நம்பி இன்றும் யாரோ விற்றுக்கொண்டிருப்பார்கள்.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் ‘கணையப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்ற செய்தி வந்தபடி இருக்கிறது. அதன் மூலம் நியூயார்க்கில் நடந்த ஆய்வு. 2023இல் முதல் முடிவு வந்தது. ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் ஆராய்ந்து அவருக்கென்றே தயாரித்த எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசி. 16 பேருக்குக் கொடுத்ததில் 8 பேரின் நோய் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டது. 2025இல் வந்த தொடர் முடிவின்படி அந்த எட்டுப் பேரில் இருவருக்கே நோய் திரும்பியது. மற்ற எட்டுப் பேரில் எழுவருக்குத் திரும்பியது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் பதினாறு பேர், அதுவும் அறுவை சிகிச்சை செய்ய முடிந்தவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. அதனால்தான் சுமார் 260 பேரைக் கொண்ட அடுத்த கட்ட ஆய்வைத் தொடங்கினார்கள். என் பெரியப்பாவின் நிலையில் இருந்தவருக்கு அந்த ஊசி பொருந்தாது. செய்தியை அனுப்பிய உறவினருக்கு இதை விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

ஆய்வில் யார் இருக்கிறார்கள் என்பதும் சின்ன விஷயம் அல்ல. ஜப்பானில் அறுவை சிகிச்சைக்குப் பின் எஸ்-1 என்ற மாத்திரையைக் கொடுத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஜெம்சிடாபின் பெற்றவர்களுக்கு 25.5 மாதம், எஸ்-1 பெற்றவர்களுக்கு 46.5 மாதம். ஆனால் ஜப்பானியர் தாங்கும் அளவை மேலைநாட்டவருக்குக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு கடுமையாகிறது. ஆளுக்கு ஆள் உடல் மருந்தைக் கையாளும் விதம் வேறு. நாப்-பேக்லிடாக்செல் ஆய்வு நடந்தது வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும்தான். நம்மவர்கள் பயந்து ஒதுங்கினால், நம் உடல் எப்படித் தாங்கும் என்பதைப் பிறர் உடலை வைத்தே ஊகிக்க வேண்டியதுதான். மலேசியாவில் இத்தகைய ஆய்வுகளை ஊக்குவிக்கவே 2012இல் சுகாதார அமைச்சு கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா என்ற அமைப்பை ஏற்படுத்தியது. கதவு இங்கேயே இருக்கிறது.

‘சோதனை எலி’ என்ற பயத்துக்கு வருவோம். அந்தப் பயம் மூடத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் கட்ட ஆய்வின் நோக்கம் எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று பார்ப்பதே. குணப்படுத்துவதாக அங்கே யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் பெரியப்பாவிடம் கேட்டது கடைசிக் கட்ட ஆய்வு. அதில் ஒரு குழுவுக்குப் புதிய மருந்து, மற்றக் குழுவுக்கு ஏற்கெனவே வழக்கத்தில் உள்ள மருந்து. எவரையும் மருந்தில்லாமல் விடுவதில்லை. மருத்துவரே பிரித்தால், தெம்பானவர்களுக்குப் புதியதைக் கொடுக்க அவர் மனம் நாடும். பிறகு மருந்து வென்றதா, தெம்பு வென்றதா என்று தெரியாது. அதனால்தான் பிரிக்கும் வேலையைக் கணினியிடம் விடுகிறார்கள். இந்த நான்கு வாக்கியங்களை அன்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

‘ராவாக்’ என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘சமவாய்ப்பு’ என்ற அழகான சொல் இருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன். (இரண்டுக்கு ஒன்று என்று பிரிக்கும் ஆய்வில் அச்சொல் சற்று இடிக்கும் என்று கணக்குக்காரர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும்.) ‘காவாலான்’ என்பதை ‘ஒப்பீட்டுக் குழு’ என்றால் போதும்.

தமிழில் அச்சிட்டுவிட்டால் சரியாகிவிடுமா? வேறோர் ஆய்வின் தமிழ் விளக்கத்தாளையும் பார்த்தேன். யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத முறையை அதில் ‘இரட்டைக் குருட்டு ஆய்வு’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டு கண்ணும் போய்விடும் என்று நினைத்து யார்தான் கையெழுத்திடுவார்?

மருத்துவப் புலத்தில் படிக்கும் நண்பர் ஒருவர், இன்னும் இருபது ஆண்டுகளில் மலாய் தெரியாத தமிழர் இருக்க மாட்டார், இதெல்லாம் எதற்கு என்றார். பெரியப்பாவுக்கு மலாய் தெரியாதா? கடையில் பேசும் மலாய் வேறு, அந்தத் தாளின் மலாய் வேறு.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தாளின் இரண்டாம் பக்கத்தில் ‘இந்நோயைக் குணப்படுத்த இயலாது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. பெரியம்மா கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றார். நான் அந்த வரியைத் தாண்டிவிட்டேன். அவர் சம்மதித்திருந்தாலும் அது முழுச் சம்மதமாக இருந்திருக்காது. வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கினால் இதுதான் நடக்கும். ஜி.சி.பி. எனப்படும் அனைத்துலக மருத்துவ ஆய்வு நெறிமுறை, விளக்கம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. அவர் வாசிக்க இயலாதவராயின், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு நடுநிலைச் சாட்சி உரையாடல் முழுவதும் உடனிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அன்று தாழ்வாரத்தில் இருந்தது நான் மட்டும்.

சென்ற மாதம் விளக்கத்தாள் ஒன்றை என் தமிழில் இரண்டு பக்கத்துக்குச் சுருக்கிப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தினார். “எப்ப வேணாலும் வெளிய வந்துடலாம்னு போட்டிருக்கே, இத அன்னிக்கு அவர்கிட்ட சொன்னியா?” என்று கேட்டார். சொல்லவில்லை. ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

நம் சங்கம் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறது, நாடக இரவு நடத்துகிறது. நானும் வேடம் கட்டியிருக்கிறேன். அவற்றைக் குறை சொல்லவில்லை. இவ்வாண்டு கூடுதலாக ஒரு வேலைக்கு ஆள் கேட்கிறேன். அந்த இரண்டு பக்கமும், அதிலிருந்து எடுத்த நாற்பது சொற்களின் பட்டியலும் சங்க அறையில் இருக்கின்றன. மருத்துவம், மருந்தியல் பயில்வோர் பிழை திருத்தித் தர வேண்டும். தமிழ் பயில்வோர் வாக்கியங்களை உடைத்து எளிதாக்க வேண்டும். மருத்துவமனைகளில் பணிபுரியும் முன்னாள் மாணவர்கள், அங்கே வரும் தமிழ்த் தாள்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். ‘மருந்தின் பக்க விளைவு’ என்பதைப் பெரியம்மா ‘மருந்தோட சேட்டை’ என்றார். பட்டியலில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். எது நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.