சிறிய காருக்கு வேகம். பெரிய காருக்குச் சலுகை

புது தில்லி: கேரளத்தின் நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் உள்ள சிற்றூர் ஆரியங்கோடு. அங்குள்ள ஓர் இளைஞர், வேகமும் துடிப்பும் கொண்ட சிறிய கார் வாங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலா, மின்சாரமா என்ற அவரது கேள்விக்குப் பொறியியல் மட்டும் விடை தருவதில்லை. தில்லியில் வகுக்கப்படும் வரியும் சேர்ந்தே விடை தருகிறது.

2024-இல் அறிமுகமான டாடா அல்ட்ரோஸ் ரேசரின் 1,199 சிசி டர்போ பெட்ரோல் என்ஜின் 120 குதிரைத்திறன் தருவது. 2022-இல் வந்த டியாகோ மின்சாரக் காரின் திறனோ, பெரிய பேட்டரி வகையிலும் 75 குதிரைத்திறன்தான். நெடுஞ்சாலையில் பெட்ரோல் காரே முந்தும். சில நிமிடங்களில் எரிபொருளும் நிரப்பலாம். ஆனால், மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையைத் தரும். கியர் மாற்றும் வேலையில்லை. ஏற்ற இறக்கமும் வளைவும் நிறைந்த கிராமச் சாலைகளில் இது சிறிய அனுகூலமல்ல.

சிறிய மின்சாரக் காரில் வேகம் சாத்தியமே என்பதற்கு, சுமார் 4 மீட்டர் நீளத்தில் 220 குதிரைத்திறன் வரை தரும் பிரான்ஸின் அல்பீன் ஏ290 சான்று. சாமானியர் வாங்கும் விலையில் அத்தகைய கார் இங்கு இல்லை. அதை ஊக்குவிக்கும் நோக்கம் வரி விதிப்பிலும் இல்லை.

2006-07 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சிசிக்கும் மிகாத பெட்ரோல் கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். அந்த அளவுகோலே ஜிஎஸ்டியிலும் தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய கார்களுக்கு வரி 18 சதவீதம்; பெரிய பெட்ரோல் கார்களுக்கு 40 சதவீதம். மின்சாரக் காருக்கோ, சிறிதாயினும் பெரிதாயினும் 2019 ஆகஸ்ட் முதல் ஒரே 5 சதவீதம்தான்.

விளைவு என்ன? மின்சாரத்துக்கு மாறினால், பெரிய கார் வாங்குவோருக்கு 35 சதவீதப் புள்ளிகள் மிச்சம். சிறிய கார் வாங்குவோருக்கு 13 மட்டுமே. முன்பு 24 புள்ளிகளாக இருந்த இடைவெளியே இவ்வாறு சுருங்கிவிட்டது. சிறிய பெட்ரோல் காரின் வரியைக் குறைத்தது வரவேற்கத்தக்கதே. ஆனால், சிறிய மின்சாரக் காரை மறந்தது சரியல்ல.

இதற்கான வழியை ஆரியங்கோடு அமைந்துள்ள மாநிலமே காட்டியிருக்கிறது. 2025-26 கேரள பட்ஜெட், மின்சாரக் கார்களுக்கான சாலை வரியை ரூ.15 லட்சம் வரை 5 சதவீதமாகவே வைத்துக்கொண்டு, ரூ.20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10 சதவீதம் எனப் படிநிலையாக்கியது. வரியை உயர்த்தினால் மின்வாகனத் தொழில் தளரும் என்ற அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. எனினும், விலை உயர்ந்த கார்களுக்கு மட்டும் படிப்படியாக உயர்த்தி, அந்த வருவாயைச் சிறிய மின்சாரக் கார்களுக்குத் திருப்பிவிடலாம்.

சலுகை என்பது தேவைப்படுவோரைச் சென்றடைய வேண்டும். ஜிஎஸ்டி கவுன்சில் இதைப் பரிசீலிக்குமா?